அரிசியை இழுக்கும் செம்பு





கலி மாயையாக வந்து மனிதனின் புத்தியை மறைக்கும் என்பதைத் திருஏடு வாசிப்பில் ஆண்டுதோறும் கேட்கிறோம். கேட்டுத் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அந்த மாயை நம் தெருவுக்கு எந்த உருவத்தில் வரும், வந்தால் எப்படிப் பேசும் என்று யோசிப்பதில்லை. இந்தப் பாடத்தில் அதை மட்டும் பார்ப்போம். தேனி, கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் இரிடியம்.

"ரைஸ் புல்லிங்" என்றும் இதைச் சொல்வார்கள். கதை இப்படிப் போகும்: பழைய கோயில் ஒன்றின் கோபுரக் கலசத்தில் இடி விழுந்தது, அந்த மின்சாரம் பாய்ந்து பாய்ந்து செம்பு இரிடியமாக மாறிவிட்டது, அதற்கு அரிசியை இழுக்கும் சக்தி வந்துவிட்டது, வெளிநாட்டு விண்வெளி நிலையம் அதைப் பல நூறு கோடிக்கு வாங்கக் காத்திருக்கிறது. விற்பதற்கு முன் சோதனை செய்ய வேண்டும். சோதிக்க வரும் விஞ்ஞானிக்குக் கட்டணம், கதிர்வீச்சு படாமல் இருக்க உடுப்பு, விமானச் செலவு, அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது என்று முதலில் சில லட்சம் தேவை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் லட்சத்துக்குக் கோடி. இதை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள். நம் தேனி மாவட்டத்திலும் இதற்காக வழக்குகள் பதிவாகி, ஆட்கள் கைதாகி, செய்தித்தாள்களில் வந்திருக்கிறது. வந்த பிறகும் அடுத்த கும்பல் வருகிறது. அதற்கும் பணம் கிடைக்கிறது.

முதலில் உண்மை என்னவென்று தெரிந்துகொள்வோம். இரிடியம் என்ற உலோகம் இருப்பது மெய்தான். 1803ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்மித்சன் டென்னன்ட் என்பவர் பிளாட்டினத் தாதுவிலிருந்து அதைப் பிரித்துக் கண்டார். மிகக் கனமான உலோகம், துருப்பிடிக்காது, எளிதில் உருகாது. வண்டியின் ஸ்பார்க் பிளக் முனையில்கூட அது இருக்கிறது. உலகத்துக்கு வேண்டிய இரிடியத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. விலை அதிகம்தான், ஆனால் அதற்கென்று சந்தை இருக்கிறது, அன்றாட விலை இருக்கிறது, கம்பெனிகள் பில் போட்டு விற்கின்றன. அது காந்தமன்று. இரும்பையே இழுக்காத அது அரிசியை எங்கே இழுக்கப் போகிறது? செம்பில் இடி விழுந்தால் செம்பு கருகும், உருகும், இரிடியம் ஆகாது. செம்பு என்ற தனிமத்தை இரிடியம் என்ற தனிமமாக மாற்ற இடியால் முடியாது.

அப்படியானால் கண்ணெதிரே அரிசி நகர்ந்ததே, அது எப்படி? அரிசிக்குள் மெல்லிய இரும்புத் துகளைச் சேர்த்துவிட்டு, செம்புப் பாத்திரத்தின் அடியில் காந்தத்தை மறைத்து வைத்தால் நகரும். அவ்வளவுதான். நாம் நம் வீட்டு அரிசியைக் கொண்டுபோனால் அன்றைக்குப் பார்த்து "சக்தி அடங்கியிருக்கிறது", "கிழமை சரியில்லை" என்பார்கள்.

இதை ஏழாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்ளும். அப்படியிருக்க, நாற்பது வயது வியாபாரியும், ஓய்வுபெற்ற அரசு ஊழியரும், தோட்டம் வைத்திருப்பவரும் ஏன் நம்புகிறார்கள்? பாடத்தின் கனமான பகுதி இதுதான்.

"பேராசை" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். அந்தச் சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஏமாந்தவரின் வாயை அடைப்பதற்கே அது அதிகம் பயன்படுகிறது. ஆசை மட்டும்தான் காரணம் என்றால், ஆசைப்படுகிற எல்லாரும் ஏமாற வேண்டும், அப்படி நடப்பதில்லை. ஆசைக்கு வேறு பல துணைகள் வேண்டியிருக்கின்றன.

நம் பள்ளத்தாக்கின் வாழ்க்கையையே பாருங்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்து ஏலத் தோட்டங்கள் அழிந்தன. வரத்து குறைந்ததால் விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் கையில் சரக்கு வைத்திருந்த சிலர் ஒரே பருவத்தில் கடனை அடைத்தார்கள், வீடு கட்டினார்கள். அதைப் பார்த்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், இரண்டு மூன்று ஆண்டுக்குள் விலை ஆயிரத்தை ஒட்டி இறங்கியபோது கடனில் நின்றார்கள். திராட்சைக்காரர்கள் கதையும் தெரியும்: கொடியில் பழம் நிற்கும்போது நாலு நாள் மழை பிடித்தால் போதும். திடீரென்று ஏறுவதும் திடீரென்று விழுவதும் நம் கண்ணால் பார்த்த சங்கதி. அதனால் "ஒரே மாதத்தில் நிலைமை மாறிவிடும்" என்று ஒருவர் சொன்னால், மாதச் சம்பளக்காரரின் காதில் விழுவதைவிட நம் காதில் அது இயல்பாக விழுகிறது. பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஏலக்காயில் அடித்த அதிர்ஷ்டம் நமக்கு வேறு வழியாக வருகிறது என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. மேற்கே கடலுக்குப் போன ஆற்றைக் கிழக்கே திருப்பி, மலையைக் குடைந்து, இந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. 1895இல் அது நடந்தபோது, நம்ப முடியாதது நடந்தது. ஆகவே நம்ப முடியாதது எதுவும் நடக்காது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பென்னிகுயிக் அணை கட்டியதை யாரும் ரகசியமாக வைக்கச் சொல்லவில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது. ஆண்டுக்கணக்காக ஆயிரக்கணக்கான பேர் பார்க்க வேலை நடந்தது. கல் எங்கிருந்து வந்தது, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருந்தது. இரிடியக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

அவர் முதலில் சொல்வதே ரகசியம்தான். "மச்சான், நீ நம்ம ஆளுங்கிறதால சொல்றேன். வீட்ல கூட மூச்சு விடாதே. போலீசுக்குத் தெரிஞ்சா பொருளை எடுத்துக்கிட்டுப் போயிருவாங்கெ." இந்த ஒரு பேச்சில் மூன்று கதவுகள் மூடுகின்றன. மனைவியிடம் சொல்ல முடியாது; சொல்லியிருந்தால் அந்த அம்மாள் முதல் நாளே "அரிசியை நான் தரேன், என் முன்னாடி இழுக்கச் சொல்லுங்க" என்றிருப்பார். விவரம் தெரிந்தவரிடம் கேட்க முடியாது. பணம் போன பிறகு காவல் நிலையத்துக்கும் போக முடியாது. ஏனென்றால் தானும் ஏதோ சட்டவிரோதமான வியாபாரத்தில் கூட்டு என்ற பயம் அவருக்கு முதல் நாளே ஊட்டப்பட்டுவிட்டது. ஏமாற்றுக்காரரின் முதலீடு செம்போ காந்தமோ இல்லை; நம் வாய்மூடலே.

அந்த "மச்சான்" என்ற சொல்லையும் கவனியுங்கள். முன்பின் தெரியாதவர் வந்து ஐந்து லட்சம் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். வருபவர் சொந்தக்காரர், கூடப் படித்தவர், நம் கல்யாணத்துக்குப் பந்தியில் பரிமாறியவர். பெரும்பாலும் அவரும் பணம் போட்டவர்தான். அவர் பொய் சொல்லவில்லை. தான் நம்பியதைச் சொல்கிறார். அதனால்தான் அவர் முகத்தில் திருட்டு முழி இல்லை. நாம் பொருளைச் சோதிக்கவில்லை, ஆளைச் சோதித்தோம், ஆள் நல்லவர், ஆகவே பொருளும் நல்லது என்று முடிவு செய்துவிட்டோம். நல்லவர் சொன்னது என்பதற்கும் மெய்யானது என்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் கலி நுழைகிறது. நல்லவரும் ஏமாந்திருக்கலாம் அல்லவா?

கோயில் கலசத்தை அவர்கள் ஏன் எடுத்தார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். கலசத்துக்குள் தானியம் வைப்பது பழைய வழக்கம். கலசம் இடிதாங்கும் என்றும் நம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை. கலசம், தானியம், இடி என்று மூன்றும் நம் மனதில் ஏற்கெனவே பக்தியோடு சேர்ந்தே இருக்கின்றன. அதன் மேல் ஏமாற்றுக்காரர் "இரிடியம்", "கதிர்வீச்சு", "நாசா" என்று விஞ்ஞானத்தை ஒரு பூச்சாகப் பூசுகிறார். பக்திமானுக்கு அது தெய்வீகமாகத் தெரிகிறது, படித்தவருக்கு விஞ்ஞானமாகத் தெரிகிறது. இந்தப் பொய்யால் பல ஊர்களில் கோயில் கலசங்களே திருட்டுப் போயிருக்கின்றன.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1996இல் நமக்கு அடுத்த மாவட்டத்தில், இராசபாளையம் அருகே இடையன்குளத்தைச் சேர்ந்த ஒருவர் மூலிகையையும் தண்ணீரையும் கொதிக்க வைத்துப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது, டெல்லிவரை கொண்டுபோய் விஞ்ஞானிகள் முன்னிலையில் செய்து காட்டச் சொன்னார்கள். சில பெரிய மனிதர்கள் வியந்து பாராட்டினார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் கவனமாகச் சோதித்தபோது அது நிற்கவில்லை. கண்ணால் பார்த்ததை நம்பியவர்கள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை. வித்தை காட்டுபவர் நம் கண்ணை எங்கே வைக்கச் சொல்கிறாரோ அங்கே வைத்துப் பார்த்தார்கள், அதுதான் நடந்தது.

இனி, பணம் கொடுத்த பிறகு நடப்பது. முதல் ஐம்பதாயிரம் போனதும் "சோதனை முடிந்தது, வெற்றி" என்பார்கள். அடுத்து "ரிசர்வ் வங்கியில் பணம் வந்துவிட்டது, விடுவிக்க வரி கட்ட வேண்டும்" என்று முத்திரை போட்ட தாள் வரும். (தனி ஆளுக்கு ரிசர்வ் வங்கியில் கணக்கே கிடையாது, தன் பெயரைச் சொல்லி யாரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று அந்த வங்கியே பலமுறை அறிவித்திருக்கிறது.) இந்த இடத்தில் நின்றுவிட்டால் நஷ்டம் ஐம்பதாயிரத்தோடு போகும். ஆனால் நிற்பதற்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நான் ஏமாந்தேன். அதை ஒப்புக்கொள்வதைவிட இன்னொரு ஐம்பதாயிரம் கொடுப்பது மனதுக்கு லேசாக இருக்கிறது. போன பணத்தைக் காப்பாற்றப் புதுப் பணம் போகிறது. மகளுக்கென்று வைத்த நகை அடகுக் கடைக்குப் போவது முதல் தவணைக்கு இல்லை. மூன்றாவது, நாலாவது தவணைக்குத்தான். ஒரு குடும்பம் தெருவுக்கு வருவது நம்பிக்கையால் அன்று, நம்பிக்கை போன பிறகும் அதை ஒத்துக்கொள்ள முடியாத கூச்சத்தால்.

இந்தக் கூச்சம் உலகம் முழுக்க ஒன்றுதான். 1925இல் விக்டர் லஸ்டிக் என்பவன் பாரிஸ் நகரத்தின் ஈபிள் கோபுரத்தைப் பழைய இரும்பு விலைக்கு அரசு விற்கிறது என்று சொல்லி ஒரு வியாபாரியிடம் பணம் வாங்கிக்கொண்டு ஓடினான். அந்த வியாபாரி வெட்கத்தால் புகாரே கொடுக்கவில்லை என்பார்கள். அதனால் லஸ்டிக் திரும்பி வந்து அதே கோபுரத்தை இன்னொருவருக்கு விற்கப் பார்த்தான். முதல் ஆள் வாய் திறந்திருந்தால் இரண்டாம் முறை வந்திருக்க மாட்டான். கூடலூரில் ஒருவர் மறைத்தால் சின்னமனூரில் ஒருவர் ஏமாறுகிறார்.

இரிடியத்தில் சிக்காதவர்கள் வேறு ஒன்றில் சிக்குகிறார்கள். 2012இல் பெருந்துறையை மையமாக வைத்து ஈமு கோழித் திட்டம் நடந்தது. ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தந்து, மாதாமாதம் பணமும் தருவதாகச் சொன்னார்கள். நடிகர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். கோழி கண்ணெதிரே கொட்டகையில் நின்றது. அதனால் ரகசியமும் இல்லை, மாயமும் இல்லை என்று தோன்றியது. ஆனால் அந்தக் கோழியின் கறியை வாங்கிச் சாப்பிட ஊரில் ஆள் இல்லை. புதிதாகச் சேருபவர் கட்டும் பணம்தான் பழையவருக்கு மாதப் பணமாகப் போனது. 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர், 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது லாபம் என்று சொல்லி இதையேதான் செய்தார். இன்றும் இவ்வகை மோசடிக்கு அவர் பெயரே வழங்குகிறது.

கணக்கு எளிது. பத்துப் பேர் ஆளுக்கு ஒரு லட்சம் தருகிறார்கள். மாதம் நூற்றுக்குப் பத்து லாபம் என்று வாக்கு. கையில் பத்து லட்சம் இருக்கிறது. மாதம் ஒரு லட்சம் கொடுத்தால் போதும். எந்தத் தொழிலும் செய்யாமல், பத்து மாதம் சொன்ன தேதியில் கொடுக்கலாம். அந்தப் பத்து மாதமும் "லாபம்" என்று வந்தது அவரவர் போட்ட முதல்தான். ஆனால் மூன்று மாதம் ஒழுங்காகப் பணம் வாங்கியவர் சும்மா இருப்பாரா? தங்கச்சி மாப்பிள்ளையைச் சேர்த்துவிடுவார், மகளிர் குழுவில் சொல்வார். தீபாவளிச் சீட்டு பிடிப்பவர் நாலு வருடம் ஒழுங்காகக் கொடுத்து ஐந்தாம் வருடம் ஊரை விட்டுப் போவதும் இந்தக் கணக்கில்தான். தேதி தவறாமல் பணம் வந்தது என்பது நாணயத்துக்குச் சாட்சி ஆகாது.

அய்யா வைகுண்டர் காலத்து மக்களையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். கொல்லம் 1008 மாசி 20ஆம் நாள் அவதாரம் நிகழ்ந்தபோது, நம் முன்னோர் பேய்க்கும் பில்லி சூனியத்துக்கும் பயந்து, மந்திரவாதி கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆடு, கோழி, பணம். பயமும் ரகசியமும் பரிகாரத் தொகையும் அன்றும் ஒன்றாகவே வந்தன. பேய் இருக்கிறது என்று சொல்பவரும் அதை ஓட்டக் கூலி வாங்குபவரும் ஒரே ஆள். அய்யா பலியை விலக்கினார், காணிக்கையும் கைக்கூலியும் கூடாது என்றார், மண்ணையும் தண்ணீரையும் விலையின்றிக் கொடுத்து நோய் தீர்த்தார். இதை நாம் பக்தியாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதில் ஒரு கூரிய சோதனையும் இருக்கிறது. அருளின் பெயரால் முன்பணம் கேட்பவர் யார் என்று அன்றைய எளிய மக்கள் கண்டுகொள்ள அது போதுமாயிருந்தது.

இன்று அந்தச் சோதனையை நம்மவர்கள் மேலும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நெற்றியில் நாமம், தலையில் தலைப்பாகை, வாயில் "அய்யா உண்டு". இவை இருந்தால் நாம் மேலும் கேள்வி கேட்பதில்லை. "அய்யா கனவில் வந்து சொன்னார், இந்தப் பணம் தர்மத்துக்குப் போகும், பதிக்கு மண்டபம் கட்டலாம்" என்று ஒருவர் சொன்னால் கேட்பது பாவம் என்று நினைக்கிறோம். இரிடியக் கும்பல்கள் அறக்கட்டளைப் பெயரில் வருவதும், கிடைக்கும் கோடியில் பாதியைத் தர்மத்துக்குக் கொடுப்போம் என்று சொல்வதும் இதனால்தான். நல்ல காரியத்துக்கு என்று சொன்னதும் ஆசைப்படுகிறோமே என்ற உறுத்தல் போய்விடுகிறது. உறுத்தல் போனால் நிதானமும் போய்விடுகிறது. கேள்வி கேட்பது அய்யாவைச் சந்தேகிப்பது ஆகாது. அய்யா பெயரைச் சொல்பவரைச் சோதிப்பது வேறு.

யாராவது இப்படி ஒரு சேதியோடு வீட்டுக்கு வந்தால், சண்டை போட வேண்டாம். அவர் நம் சொந்தக்காரர். "சரி மாப்ளே, ரெண்டு நாள் டைம் குடு. வீட்ல பேசிட்டு, ஒரு வக்கீல்கிட்டயும் காட்டிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையான வியாபாரத்துக்கு இரண்டு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது. "இன்னைக்கு ராத்திரிக்குள்ள வேணும்" என்று பதில் வந்தால் அதுவே விடை. சீட்டு என்றால், 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறதா என்று பத்திரப்பதிவுத் துறையில் விசாரியுங்கள். பதிவுச் சான்றைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

பணம் போய்விட்டதென்றால், ஏடு வாசிப்பு முடிந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அதைச் சொல்ல அவருக்கு நம்மிடையே இடம் இருக்க வேண்டும். "உனக்கு அறிவு எங்கே போச்சு" என்று கேட்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், அடுத்த பத்துப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். கேலி பண்ணுபவரை முதலில் அடக்குங்கள். பிறகு கையில் உள்ள ரசீது, வங்கிக் கணக்கு விவரம், செல்போன் பேச்சு, படம் எதையும் அழிக்காமல் எடுத்துவைக்கச் சொல்லி, கூட ஒருவர் துணைக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள். இரிடியம் போன்றவற்றுக்கு மாவட்டக் குற்றப்பிரிவு. முதலீடு, வைப்புத்தொகை என்று வாங்கியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவு. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சொத்தை முடக்கிப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க வழி உண்டு, அதற்கான தனி நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. ஏமாந்தவர்கள் சேர்ந்து போனால் வழக்குக்குப் பலம். போன் மூலமோ இணைய வழியிலோ பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் வங்கி நிறுத்திவைக்க முடியும், அதற்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும்.